இலங்கையில் மலேரியா ஒழிப்பு

மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016 செப்டம்பர் 5 அன்று சான்றளித்தது. தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் மாலத்தீவுக்கு அடுத்து இச்சான்றைப் பெற்ற நாடு இதுவே.

வறண்ட வடக்கிலும் கிழக்கிலும் முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா முன்பு எப்போதும் இருந்துவந்தது. பேரழிவு வந்ததோ மழை வளம் மிக்க தென்மேற்கில். குற்றாலத்துக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவமழை 1934இல் அங்கே பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று, மணலிலும் பாறையிலும் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் அத்தெளிந்த நீர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்கு வாய்ப்பான இடம். மற்ற ஆண்டுகளில் அதன் புழுக்களை வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். கேகாலை, குருநாகல் பகுதி மக்களுக்கு நோய் எதிர்ப்பு குறைவு, விளைச்சலும் போயிருந்தது. 1935க்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். ஊர் ஊராகப் பருப்பு வழங்கிய இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு ஐயா' என்ற பொருளில் சிங்களப் பட்டப்பெயரே நிலைத்தது.

1940களின் நடுவில் டிடிடி பூச்சிக்கொல்லித் தெளிப்பு தொடங்கியது. 1963இல் நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தியது பெரும்பிழை. 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. கொசுவும் டிடிடிக்குப் பழகிவிட்டது. 1977இல் மாலத்தியானுக்கு மாறினர்.

1999இல்கூட 2,64,549 பேருக்கு நோய் கண்டது. உள்நாட்டுப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் மருந்து தெளிப்போருக்கு இரு தரப்பும் வழிவிட்டன. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ரத்தப் பரிசோதனையைக் கிராமங்களுக்கே கொண்டு சென்றன. மருந்து தோய்த்த கொசுவலைகள் வந்தன. காய்ச்சல்காரர் வரட்டும் என்று காத்திராமல் தேடிப் போனதே இம்முறை வேறுபாடு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார்.

சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி கொசு கண்டறியப்பட்டது. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் இக்கொசுதான் சென்னையில் மலேரியாவைப் பரப்புவது.