கலத்தினுள் ஒளியை அளந்தவர்

ஒரு கோப்பை நீரில் ஒரு துளி மை கலந்தால் நீர் சிறிதே கறுக்கும். பத்துத் துளி கலந்தால் மிகக் கறுக்கும். நீரினுட் புகும் ஒளியையும் வெளிவரும் ஒளியையும் ஒப்பிட்டு, கலந்த மையின் அளவைக் கூறிவிடலாம். ஆனால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கலம் ஒன்றினுள் உள்ள பொருளை இவ்வாறு அளப்பது எங்ஙனம்?

கலங்களிற் பெரும்பாலானவை நிறமற்றவை. ஜேர்மனியின் ஜேனா நகரிற் பணியாற்றிய ஓகஸ்ட் கோஹ்லர் 1904ஆம் ஆண்டில், ஊதாக்கடந்த ஒளியாற் காணும் நுணுக்குக்காட்டியை அமைத்தார். சாதாரணக் கண்ணாடி அவ்வொளியைத் தடுக்கும். ஆகவே வில்லைகளைப் படிகக்கல்லாற் செய்வித்தார். நுண்பொருள்களை மேலும் தெளிவாகக் காண்பதே அவர் நோக்கம். எனினும், சாயம் ஊட்டாத கலங்களின் கருவும் அப்படங்களிற் கரிதாய்த் தோன்றியது.

அக்கருமையைக் கணக்கிட முனைந்தவர் சுவீடன் நாட்டு டோர்பியோர்ன் காஸ்பர்சன். ஸ்டொக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அவர் ஆற்றிய ஆய்வு 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. நியூக்கிளிக்கமிலம் 260 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டியும், புரதம் 280 நனோமீற்றரை அண்டியும் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, கலத்தின் எப்பகுதியில் எப்பொருள் எவ்வளவு உண்டு என்று அவர் மதிப்பிட்டார். இதில் ஓர் இடரும் இருந்தது. நுண்துணிக்கைகள் ஒளியை உறிஞ்சுவதோடு சிதறடிக்கவும் செய்யும். சிதறிய ஒளியையும் உறிஞ்சப்பட்டதாகக் கொண்டாற் கணக்குப் பிழைத்துவிடும். அப்பிழை எவ்வளவாகும் என்பதையும் அவர் நுணுகி ஆராய்ந்தார்.

பிரியும் கலங்களின் நிறமூர்த்தங்களில் நியூக்கிளிக்கமிலம் செறிந்திருப்பதை அவர் அளவுகள் காட்டின. ஆயினும், பரம்பரைப் பண்பைத் தாங்குவது புரதமே என்று அவரும் நம்பினார். புரதமே பல்வகைப்பட்டது, நியூக்கிளிக்கமிலமோ எளிய அமைப்புடையது என்பது அக்காலக் கொள்கை. 1944ஆம் ஆண்டில், நியூ யோர்க் நகரில் அவெரியும் அவர்தம் துணைவர் இருவரும் பற்றீரியங்களில் நடத்திய சோதனை அக்கொள்கையை அசைத்தது. பண்பை மாற்றிய பொருள் டி.என்.ஏ. என்னும் நியூக்கிளிக்கமிலமே எனக் கண்டனர். 1950ஆம் ஆண்டளவில், நுணுக்குக்காட்டியில் ஒளியுறிஞ்சலை அளந்தோர், உடற்கலத்தில் உள்ள டி.என்.ஏ.யிற் பாதியே விந்தணுவில் உண்டு என்று காட்டினர். தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என்னும் பரம்பரைக் கணக்கோடு அது பொருந்தியது.

காஸ்பர்சன் தேடிய பொருள் அவர் நுணுக்குக்காட்டியின் கீழேயே இருந்தது. அதை அவர் அளந்தும் இருந்தார். அளவு பிழைக்கவில்லை, அதற்குக் கொண்ட கருத்தே பிழைத்தது. கருத்து மாறிய பின்னரும் அளக்கும் முறை நிலைத்து நின்றது.