ஏலத்தில் ஏறிய விலைகள்

குண்டசாலை என்னும் பெயர் கண்டி இராச்சிய வரலாற்றில் ஒரு மன்னனோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளது. 1707 முதல் 1739 வரை ஆட்சி செலுத்திய வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் மகாவலிக் கரையிலுள்ள இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை மன்னன் என்றே வழங்கப்பட்டான். அவன் மதுரையிலிருந்து பெண்ணெடுத்ததன் பயனாக, அவனுக்குப் பின் அரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணையேற, கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று. அவ்வாட்சி 1815 இல் முடிவுற்றது. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூர் சென்றான். அவனுடைய அரச அணிகலன்கள் இலண்டன் சென்றன.

1820 ஆம் ஆண்டு யூன் மாதம் 13 ஆந் திகதி, இலண்டன் நகரின் கொவென்ற் கார்டன் பகுதியிலிருந்த ஏலக்கூடமொன்றில், கண்டி மன்னனின் அரச சின்னங்கள் எனப் பட்டியல் அச்சிடப்பட்டு அவ்வணிகலன்கள் விற்கப்பட்டன. போரிற் கைப்பற்றிய பொருளை விற்று, வந்த பணத்தைப் படையினர் தம்முட் பகிர்ந்துகொள்ளுதல் அக்காலப் பிரித்தானியப் படையின் வழக்கம். விற்பனைக்குப் பொறுப்பாயிருந்தோரும் அப்பகிர்வுக்கென அமர்த்தப்பட்ட முகவர்களே. ஓர் அரசின் இறைமையைக் குறித்த பொருள்கள், இலக்கமிடப்பட்ட நகைகளாக ஒவ்வொன்றாய்க் கைமாறின. கேட்டவர் பொன்னின் எடையையும் கல்லின் ஒளியையும் நோக்கிக் கேட்டிருப்பர். அவற்றை அணிந்தவன் அப்பொழுது வேலூர்க் கோட்டையில் உயிரோடு இருந்தான் என்பது விலையைக் கூட்டியிருக்குமோ குறைத்திருக்குமோ, யாரறிவார்!

ஒரு பொருளின் உண்மையான மதிப்பைக் கண்டறிய ஏலமே சிறந்த வழி எனப் பொருளியலார் சிலர் கூறுவர். வரலாறு இக்கூற்றை எளிதில் ஏற்க விடுவதில்லை. கி.பி. 193 இல் உரோமைப் பேரரசின் மெய்க்காவற்படையினர் தம் பேரரசனைக் கொன்றபின் ஆட்சியுரிமையையே ஏலமிட்டனர். வீரனொருவனுக்கு 25,000 செஸ்டர்சு தருவதாகக் கூறிய திதியசு யூலியானசு அதனைப் பெற்றான். அறுபத்தாறு நாள் ஆண்டபின் கொல்லப்பட்டான். அவன் கேட்ட தொகை பேரரசின் மதிப்பைக் காட்டவில்லை. எதிரே நின்று கேட்டவனை வெல்ல வேண்டுமென்ற வேகத்தையே காட்டிற்று.

இவ்வேகத்துக்குக் கணினி புதியதோர் அரங்கை அமைத்துக் கொடுத்தது. 1995 செப்டெம்பரில் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஏலத் தளமே பின்னர் ஈபே எனப் பெயர்பெற்றது. அதில் முதன்முதல் விலைபோன பொருள் பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுகோல், விலை 14.83 டொலர். அது பழுதடைந்தது என்பது தெரியுமாவென விற்றவர் வினவ, பழுதடைந்த சுட்டுகோல்களைச் சேர்ப்பதே தம் வழக்கமென வாங்கியவர் விடையிறுத்தாராம். சந்தையில் ஒருவனும் ஏறெடுத்துப் பாராத பொருளுக்கும் உலகில் எங்கோ ஒரு விருப்பன் உண்டென்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. இதுவரை நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

நகைப்புக்குரியன பின்னரே வந்தன. 2004 நவம்பரில் புளோரிடாவைச் சேர்ந்த பெண்ணொருவர், பத்தாண்டுகளாகப் பேணிவந்த, ஒருபுறம் கடிக்கப்பட்ட பாலாடைக்கட்டிப் பாண் துண்டொன்றை ஈபேயில் ஏலமிட்டார். வாட்டிய பாணில் கன்னி மரியாளின் திருமுகம் தோன்றியதென்பது அவர் கூற்று. முதலில் இது கேலியெனக் கருதித் தள்ளிய அத்தளம் பின்னர் இடமளித்தது. முடிவில் 28,000 டொலருக்கு அதனை வாங்கியது ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம். சூதாட்ட நிறுவனத்துக்குப் பாண் எதற்கு? உலகச் செய்தித்தாள்களிலெல்லாம் அதன் பெயர் அச்சேறிற்று. அத்தனை விளம்பரத்துக்கும் 28,000 டொலர் மிக மலிவு. ஆகவே இதனைப் பேதைமை என்பது பொருந்தாது. கணக்குப் பார்த்தே கொடுத்த விலை அது. 2024 நவம்பரில் நியூயோர்க்கில், சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டிய வாழைப்பழம் கலைப்பொருளென 6.2 மில்லியன் டொலருக்கு விலைபோனதும் ஏறத்தாழ இவ்வகையினதே. அப்பழத்தை நடைபாதைக் கடையில் வாங்கிய விலை 35 சதம்.

இத்தகைய விலைகள் மேனாட்டுக்கே உரியன என எண்ணுதல் தவறு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூருக்கு அணித்தாயுள்ள ஒட்டனந்தலில், இரத்தினவேல் முருகன் கோயிலில் 2024 பங்குனி உத்திர விழாவில், வேலிற் செருகிய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2,36,100 ரூபாய்க்கு ஏலம்போயின. முதல் நாட்பழம் மாத்திரம் 50,500 ரூபாய். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அப்பழங்களைக் கேட்கின்றனர். ஈழத்துக் கோயில்களிலும் படைத்த மாம்பழம் ஏலங் கூறப்படுவதுண்டு. இங்கே கேட்பவன் ஊரார் முன்னிலையில், தெய்வ சந்நிதியில் கேட்கிறான். சொன்ன தொகையைக் கொடாது அவன் வீதியில் நடமாடவியலாது. கொடுத்த பணம் எங்கே செல்கிறதென்பதையும் ஊர் அறியும். பொருள் சிறிதாயினும் வாக்குச் சிறிதன்று.

இணைய ஏலத்திலோ இக்கட்டு அறுந்துபோயிற்று. 2023 பெப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தில், எச்.பி. 99–9999 என்ற வாகன இலக்கத்தை அரசு இணையவழி ஏலமிட்டது. தொடக்க விலை 1,000 ரூபாய். ஒரு ஸ்கூட்டரிற் பொறிப்பதற்காக அது 1 கோடியே 12 இலட்சத்து 15 ஆயிரத்து 500 ரூபாய்வரை ஏறிற்று. உரிய வேளையில் பணங் கட்டவேண்டியபோது, மேனிலையிற் கேட்ட மூவருமே பின்வாங்கினர். 2025 நவம்பரில் அரியானாவில் எச்.ஆர். 88 பி 8888 என்னும் இலக்கம் 50,000 ரூபாயில் தொடங்கி 1.17 கோடியில் முடிந்தது. ஆங்கில எழுத்து ‘பி’ எட்டின் சாயலுடையதாதலால் இலக்கம் முழுவதும் எட்டாகத் தோன்றுமென்பதே அதன் சிறப்பு! கேட்டவர் பணங் கட்டவில்லை. அவருடைய சொத்து விவரத்தை ஆராயுமாறு மாநில அமைச்சர் பணித்தார். முற்பணம் சிறிதாய், முகம் மறைந்ததாய் இருக்குமிடத்து, கேட்பதற்கும் கொடுப்பதற்குமுள்ள தொடர்பு நெகிழ்ந்துவிடுகிறது. கொடுக்கும் எண்ணமுள்ளவன் இடையிலேயே தோற்று விலக, அரசின் கருவூலத்துக்கு நியாயமான விலைகூட வந்துசேராமற் போகிறது. இவ்வகை ஏலத்தின் உண்மையான தீங்கு இதுவேயன்றிப் பாண்துண்டன்று.

கண்டிப் பொருள்களின் கதையில் இன்னொரு பகுதி எஞ்சியுள்ளது. ஒல்லாந்தர் 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கிய சிங்காசனம் 1820 ஏலத்திற்குச் செல்லாது வின்சர் மாளிகையை அடைந்தது. ஆதலால் 1934 இல் குளொஸ்ரர் கோமகன் அதனை இலங்கைக்குத் திருப்பியளிக்க இயன்றது. லெவுக்கே திசாவை கண்டி மன்னனுக்களித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த பீரங்கி, 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது போயிற்று. அம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்திலிருந்து மேலும் ஐந்து பொருள்களுடன் 2023 டிசம்பரில் அது கொழும்பு வந்தடைந்தது. இவற்றைத் திருப்பிக் கேட்பதற்கு ஓர் அரசோ ஓர் அருங்காட்சியகமோ எதிரே இருந்தது. கொவென்ற் கார்டனில் ஒவ்வொன்றாய் விலைபோனவற்றைக் கேட்பதற்கு அவ்வாறு ஒருவருமில்லை.