கம்ப்யூட்டர் பெட்டியின் கதை: ஒரு தகர டப்பாவும் நாலு ஸ்க்ரூவும்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது என்று வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். பெட்டி என்று வந்ததும் மட்டும், "ஏதாவது ஒண்ணு போடுங்கண்ணே, முன்னாடி லைட் எரிஞ்சா போதும்" என்று முடித்துக்கொள்வார்கள். இந்தியக் கடைகளில் அதற்கு கேபினட் என்று பெயர். வீடுகளில் பாதிப்பேர் அதையே சிபியு என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் சின்ன சில்லுக்கு உரிய பெயரை வெளியே இருக்கும் தகர டப்பா தட்டிக்கொண்டு போய்விட்டது!

ஆனால் அந்த டப்பாவில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் மதர்போர்டு, இன்னொரு கம்பெனியின் பவர் சப்ளை, மூன்றாவது கம்பெனியின் பெட்டி. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஸ்க்ரூ ஓட்டைகள் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்துகின்றன. இது தானாக நடந்ததில்லை. இதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையில் இரண்டு பெரிய ஜாம்பவான்கள் தோற்றுப் போனார்கள்.

படுத்துக் கிடந்த பெட்டி

1981 ஆகஸ்ட் 12. ஐ.பி.எம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. மாடல் எண் 5150, ஆரம்ப விலை 1,565 டாலர். அது மேசை மேல் படுத்த நிலையில் இருக்கும் அகலமான இரும்புப் பெட்டி. அதன் தலைமேல் மானிட்டர் உட்காரும். உள்ளே 5 கார்டுகள் செருக இடம் இருந்தது. படம் காட்ட ஒரு கார்டு, பிளாப்பி டிரைவுக்கு ஒரு கார்டு என்று ஆரம்பத்திலேயே இரண்டு இடம் போய்விடும். பவர் சப்ளையின் திறன் வெறும் 63.5 வாட். இன்றைக்கு ஒரு சாதாரண பிராசஸருக்கே இது போதாது.

அவசரமாகத் தயாரிக்க வேண்டியிருந்ததால், வெளிச்சந்தையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே இதைச் செய்தார்கள். அதோடு நிற்காமல், சர்க்யூட் வரைபடங்களை எல்லாம் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் இதற்கேற்ற கார்டுகளைத் தயாரித்து விற்கட்டும் என்பது நோக்கம். கார்டு தயாரித்தவர்கள் கார்டோடு நிற்கவில்லை. 1982லேயே முழுக் கம்ப்யூட்டரையும் நகல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் அறிவிப்போடு வந்த காம்பேக் கம்பெனி இதில்தான் பெரிய ஆளானது.

1983ல் எக்ஸ்.டி மாடல் வந்தது. கார்டு இடங்கள் 8 ஆயின. இடைவெளி 1 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 0.8 அங்குலமாகச் சுருங்கியது. இன்றைய பெட்டியின் பின்பக்கம் கார்டுகளுக்காக இருக்கும் நீளத் துளைகளின் இடைவெளியும் இந்த 0.8 அங்குலம்தான். 1984ல் ஏ.டி மாடல் வந்தது. நகல் எடுத்தவர்கள் பெட்டி, போர்டு, ஸ்க்ரூ ஓட்டை எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்தார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமலே ஒரு பொது அளவு உருவாகிவிட்டது!

நிமிர்ந்து நின்ற பெட்டி

மேசையில் இடம் போதாதவர்கள் இந்தக் கனத்த பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தித் தரையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1987 ஏப்ரலில் ஐ.பி.எம் வெளியிட்ட பி.எஸ்/2 வரிசையில் மாடல் 60, மாடல் 80 இரண்டும் பிறவியிலேயே நின்ற பெட்டிகள். டவர் என்ற பெயர் பரவிய காலம் இது.

ஆனால் பி.எஸ்/2 வந்த காரணம் வேறு. நகல் கம்பெனிகள் சந்தையைப் பிடுங்கிக்கொண்டதைப் பார்த்த ஐ.பி.எம், விட்ட பிடியைத் திரும்பப் பிடிக்க நினைத்தது. மைக்ரோ சேனல் என்ற புது வகைக் கார்டு அமைப்பைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பழையதைவிட நல்லதுதான். ஆனால் பழைய கார்டு எதுவும் இதில் ஏறாது. மற்றவர்கள் தயாரிக்க வேண்டுமென்றால் உரிமத்தொகை கட்ட வேண்டும்.

காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் 1988ல் ஒன்று சேர்ந்தன. பழைய கார்டும் ஏறும், புதிய கார்டும் ஏறும் என்கிற மாற்று அமைப்பை அறிவித்தன. வாங்குபவர்களும் பழையது ஏறும் பக்கமே சாய்ந்தார்கள். தான் பெற்ற பிள்ளையைத் தானே கட்டுப்படுத்த முடியாமல் ஐ.பி.எம் தோற்றது. இது முதல் தோல்வி.

அதற்குப் பிறகு டவர் பெட்டிகள் மூன்று உயரங்களில் வந்தன. சர்வர்களுக்கு ஃபுல் டவர், வீட்டுக்கு மினி டவர், இரண்டுக்கும் நடுவில் மிட் டவர். முழு அளவு போர்டும் ஏற வேண்டும், மேசைக்கு அடியிலும் அடங்க வேண்டும் என்றவர்களுக்கு நடுவில் உள்ளதுதான் தோதாக இருந்தது. தைவான் கம்பெனிகள் இந்தத் தொழிலில் வளர்ந்தன. லியான் லி 1983லும், இன் வின் 1985லும் தொடங்கப்பட்டவை.

கறுப்பும் கறுப்பும் நடுவில்

அந்தக் காலத்தில் பெட்டிக்குள் கை வைப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம். ஏ.டி வகைப் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரே மாதிரியான இரண்டு இணைப்புகள் பக்கம் பக்கமாகப் போகும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே ஏறிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டால் போர்டு காலி! அதனால் கம்ப்யூட்டர் பூட்டுபவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே மந்திரம், கறுப்பு வொயர்கள் இரண்டும் நடுவில் ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்க வேண்டும் என்பதுதான்.

இது மட்டுமா? முன்பக்கப் பவர் பட்டன் வரை வீட்டு மின்சாரம் நேராக வரும். மெல்லிய தகட்டை வெட்டி அப்படியே விட்ட விளிம்புகள் கையைப் பதம் பார்க்கும். பிராசஸரோ கார்டுகளுக்கு எதிரே இருக்கும். அதன்மேல் வெப்பத் தகடும் ஃபேனும் ஏறியதும் நீளமான கார்டுகள் போய் முட்டின. விண்டோஸ் 95ல் வேலையை முடித்தால், இப்போது கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று ஓர் ஆரஞ்சு எழுத்துத் திரை வந்து நிற்கும். கையால் சுவிட்சை அமுக்கினால்தான் அணையும்.

1995: ஏடிஎக்ஸ்

1995 ஜூலையில் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டத்தை வெளியிட்டது. போர்டின் அளவு 305 க்கு 244 மில்லிமீட்டர். பழைய போர்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்த மாதிரி ஓர் ஏற்பாடு. பிராசஸர் கார்டுகளின் வழியிலிருந்து விலகி, பவர் சப்ளைக்குப் பக்கத்தில் போனது. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் இணைப்புகள் போர்டின் விளிம்பிலேயே வந்ததால் உள்ளே ஓடிய பல வொயர்கள் குறைந்தன, செலவும் குறைந்தது. இரண்டு பவர் இணைப்புகள் போய், தப்பாகச் செருக முடியாத ஒரே 20 முனை இணைப்பு வந்தது. மெல்லிய மின்சாரத்தில் இயங்கும் பட்டன் வந்ததால், விண்டோஸ் தானே கம்ப்யூட்டரை அணைக்க முடிந்தது.

எல்லாமே சரியாக அமையவில்லை. பவர் சப்ளையின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே ஊதி பிராசஸரைக் குளிர்விக்கும், தனி ஃபேனே தேவைப்படாது என்று முதலில் கணக்குப் போட்டார்கள். பவர் சப்ளையைக் கடந்து வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடும் என்பது நடைமுறையில் தெரிந்தது. பிறகு காற்றின் திசையை மாற்றினார்கள். முன்பக்கம் குளிர்காற்று உள்ளே, பின்பக்கம் சூடு வெளியே. இன்றுவரை அடிப்படை இதுதான்.

இதில் முக்கியமானது, இன்டெல் இந்த அளவுகளைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தயாரிக்கலாம் என்று வெளியிட்டது. இது தர்மகாரியம் அல்ல, வியாபாரம்தான். பெட்டியும் போர்டும் மலிவானால் பிராசஸர் அதிகம் விற்கும். ஆனால் அதன் பலன் எல்லோருக்கும் கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்ய முடிவதற்கு இந்தப் பொது அளவுதான் அஸ்திவாரம். அதே காலத்தில் சில பெரிய கம்பெனிகள் பார்ப்பதற்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் இணைப்பில் உள் வொயர் வரிசையை மட்டும் மாற்றி விற்றன. கடையில் வேறு பவர் சப்ளை வாங்கி மாட்டியவர்கள் போர்டைப் புகைய விட்டார்கள்!

சூடு கிளப்பிய சண்டை

1993ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் வெளியிட்டது. 2004ல் பென்டியம் 4ன் பிரஸ்காட் வகை 100 வாட்டைத் தாண்டியது. 2005ல் வந்த பென்டியம் டி சிலவற்றில் 130 வாட். பக்கவாட்டுக் கதவில் ஓட்டை போட்டு, பிராசஸருக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்த பெட்டிகள் வந்தது இந்தக் காலத்தில்தான்.

இது போதாது என்று இன்டெல் 2003ல் பிடிஎக்ஸ் என்ற புதுத் திட்டத்தை அறிவித்தது. பிராசஸரைப் பெட்டியின் முன்பக்கம் கொண்டுவந்து, பெரிய ஃபேன் ஒன்றின் நேர் எதிரே வைத்தார்கள். குளிர்காற்று முதலில் பிராசஸர்மேல் பட்டு, நேர்கோட்டில் மற்றவற்றைக் கடந்து போகும். பொறியியலாகப் பார்த்தால் அருமையான யோசனை.

ஆனால் பழைய போர்டு புதுப் பெட்டியில் ஏறாது, புதுப் போர்டு பழைய பெட்டியில் ஏறாது. பெட்டி கம்பெனிகள் புது அச்சுகளுக்குப் பணம் போட வேண்டும். போட்டியாளரான ஏஎம்டி பக்கமும் ஆர்வம் இல்லை. அவர்களின் பிராசஸருக்குள்ளேயே மெமரி கட்டுப்பாடு இருந்ததால் அந்த அமைப்பு ஒத்துவரவில்லை. 2006 ஜூலையில் இன்டெல்லே 65 வாட் அளவில் கோர் 2 டுவோவைக் கொண்டுவந்தது. நோயே போனபின் மருந்து எதற்கு? அதே வருடம் பிடிஎக்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. ஏடிஎக்ஸைப் பெற்றவரே அதை மாற்ற முடியாமல் தோற்ற கதை இது. பி.எஸ்/2 கதை மறுபடியும் நடந்தது.

பெட்டிக்காரர்கள் கண்டுபிடித்த வழி

சூட்டுப் பிரச்சனையை கடைசியில் பெட்டி தயாரிப்பாளர்களே தீர்த்தார்கள், அதுவும் ஓட்டைகளின் அளவைத் தொடாமல். 2005ல் ஆன்டெக் பி180 என்ற மிட் டவர் பெட்டி, மேலே இருந்த பவர் சப்ளையைக் கீழே இறக்கி தனி அறையில் வைத்தது. அதன் சூடு பிராசஸரோடு கலக்காது. போகப்போக போர்டுக்குப் பின்னால் வொயர்கள் ஓட இடம் விட்டார்கள். பிராசஸருக்குப் பின்பக்கம் தகட்டில் ஜன்னல் வெட்டினார்கள். 2014ல் என்இசட்எக்ஸ்டி எச்440 பெட்டி சிடி டிரைவ் இடத்தையே தூக்கி எறிந்தது. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் அதற்குப் பின்னால் வந்த மோகம். முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்துக் காற்றை நிறுத்திய சில பெட்டிகள் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, வலை போட்ட முகப்புகள் திரும்பி வந்தன.

பெட்டி தேர்ந்தெடுக்கும்போது

இந்த வரலாறு தெரிந்தால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் சுலபமாகிவிடும்.

முதலில் போர்டின் அளவு. மிட் டவரில் ஏடிஎக்ஸும் ஏறும், 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸும் ஏறும். இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டின் நீளம். 2022ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090ன் என்விடியா வடிவம் 304 மில்லிமீட்டர் நீளம், மூன்று கார்டு இடத்தின் தடிமன், 450 வாட். முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழித்தபின் மிஞ்சும் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, பிராசஸர் கூலரின் உயரம். பெரிய கூலர்களில் சில 160 மில்லிமீட்டரையும் தாண்டும், பெட்டியின் அகலம் அதைத் தாங்க வேண்டும். நான்காவது, முகப்பில் காற்று நுழைய வழியும் கழற்றிக் கழுவும் தூசி வலையும். விளக்குகள் இதற்கெல்லாம் பிறகுதான்.

பூட்டும்போது அதிகம் பேர் சறுக்குவது பித்தளைக் கால்களில். போர்டு தகட்டைத் தொடாமல் தூக்கி நிறுத்துவது இவைதான். ஏடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக 9 துளைகள் இருக்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டுமே கால் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சம் இருந்தால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். பின்பக்க இணைப்புகளுக்கான தகடு தனியாக வந்தால், போர்டுக்கு முன்பே அதைப் பொருத்திவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

யாருடைய பெட்டி?

சண்டை இன்னும் முடியவில்லை. வொயர்கள் கண்ணில் படாமல் இருக்க, இணைப்புகளை எல்லாம் போர்டின் முதுகுப்பக்கம் வைக்கும் போர்டுகளை ஏசஸ், எம்எஸ்ஐ போன்ற கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரில் கொண்டுவந்திருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அதற்கேற்ற ஓட்டைகள் இல்லாத பழைய பெட்டியில் இவை ஏறாது.

ஐ.பி.எம்முக்கும் இன்டெல்லுக்கும் இருந்தது நல்ல தொழில்நுட்பம்தான். தோற்றதற்குக் காரணம், வாங்கியவர் ஏற்கெனவே வைத்திருந்ததைக் குப்பையில் போடச் சொன்னதுதான். பிராசஸர் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். 1996ல் வாங்கிய ஏடிஎக்ஸ் பெட்டியின் ஸ்க்ரூ ஓட்டைகளில் இன்றைய ஏடிஎக்ஸ் போர்டும் போய் உட்காரும். கெட்டுப்போன ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது. அடுத்த முறை கடையில் "ஏதாவது ஒண்ணு" என்று சொல்வதற்கு முன் கதவைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது.