வழியிலுள்ள வீடுகள்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் காரைக்கால் வீதிகளில் பழகிய முகங்கள் சில புதிய உடையில் தென்படும். பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் மக்கள் கோடை விடுமுறைக்கு வருவது இப்போதுதான். மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா முடிந்ததும் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தி, பாட்டி முதல் பேரன் வரை ஏறிக்கொண்டு, கடற்கரைச் சாலை வழியே வேளாங்கண்ணிக்குப் புறப்படுவர். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எவரும் அப்படிப் போவதில்லை. திருமலைராயன்பட்டினத்தில் அத்தை வீடு, நாகூரில் பழைய அண்டை வீட்டார், நாகப்பட்டினத்தில் சிற்றப்பா வீடு என்று நின்று நின்று இரண்டாம் நாள்தான் அன்னையின் திருமுன் சேருவர். இளையோர் முணுமுணுப்பது உண்டு. நாமோ இதைக் காலவிரயமாகக் கருதுவதில்லை.

இந்தச் சிறிய கரையை எத்தனை கொடிகள் கூறுபோட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். தெற்கே நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658 இல் கைப்பற்றினர். நடுவே காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பெற்றது 1739 இல். சுற்றியிருந்த நெல்வயல்களெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னருடையவை. ஆக, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்த ஒருவர் நான்கு ஆட்சிகளைக் கடந்தார். 1781 இல் நாகையும் 1845 இல் தரங்கம்பாடியும் ஆங்கிலேயர் வசமாயின. காரைக்கால் மட்டும் தனித் திட்டாய் நின்றது.

திருச்சபைக்குள்ளும் எல்லை இருந்தது என்பதை மறைப்பானேன்? காரைக்கால் புதுவையைச் சார்ந்து, பாரிசு வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்தது. வேளாங்கண்ணியோ போர்த்துக்கீசியப் பதுருவாதோ உரிமைக்குட்பட்ட மயிலை மறைமாவட்டத்தது. தஞ்சை தனி மறைமாவட்டமானது 1952 இல்தான். இந்த அதிகார வழக்குகளில் குருக்கள் செலவிட்ட மையைவிட, இறைமக்கள் அந்த எல்லையைத் தாண்டித் தேய்த்த செருப்பு பயனுள்ளது என்பது நம் எண்ணம்.

தாண்டியவர்கள் கூண்டு வண்டியில் போனார்கள். அது நகரும் வீடு. உள்ளே பாய், தலையணை, கட்டுச்சோறு, கைக்குழந்தை. கீழே மாட்டுக்கு வைக்கோல். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 இல் இருப்புப்பாதை வந்தது உண்மையே. ஆனால் அது மேற்கே போயிற்று. தெற்கிலுள்ள நாகைக்கு இரயிலில் செல்ல விரும்பியவர் பேரளம், திருவாரூர் என்று சுற்ற வேண்டும். எனவே வண்டிப்பாதை வாழ்ந்தது. நாகூரிலிருந்து தண்டவாளம் நேரே காரைக்காலை எட்டியது 2011 இல்! வண்டியில் போகிறவருக்கு இரவுத் தங்கல் வேண்டும். தங்குவதற்கு உறவு வேண்டும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் இப்பாதையோரத்து ஊர்களிலேதான். அந்த வீடுகளில் நோயாளியைப் பார்த்தனர், இறந்தவருக்காகச் செபித்தனர், வரன் பேசினர், பேசாதிருந்த அண்ணன் தம்பியரைச் சேர்த்துவைத்தனர்.

நற்செய்தியாளர் லூக்கா காட்டும் எருசலேம் பயணமும் இத்தகையதே. பாஸ்கா விழா முடிந்து திரும்பிய பெற்றோர் ஒரு நாள் முழுவதும் மகனைத் தேடவில்லை. அது கவனக்குறைவு அன்று. உறவினர் கூட்டத்தில் எவரேனும் ஒருவருடைய பக்கத்தில் பிள்ளை இருப்பான் என்ற உறுதி. தேடத் தொடங்கியபோதும் முதலில் உறவினரிடையேதான் தேடினர்.

1954 நவம்பர் 1 இல் காரைக்காலின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்டு 16 இல். அதே ஆண்டில்தான் வேளாங்கண்ணி ஆலயம் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. அப்போது வந்த எல்லை புதுவிதமானது. இங்கே பிறந்து வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடாதவர் இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்தோர் இரு நாட்டவராயினர். முன்பு எல்லை ஊர்களுக்கு நடுவே ஓடியது. இப்போது அது வீட்டுக் கூடத்திலேயே ஓடியது. ஆகஸ்டு மாதத்து வேன் பயணம் அதைத் தாண்டுவதற்கான பயணம்.

இன்னொரு கூட்டத்தாரும் வருகின்றனர். 1861 இல் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கைக்குப் பிறகு, ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு மக்களை ஏற்றிய துறைமுகங்களுள் காரைக்காலும் ஒன்று. அவர்களுடைய கொள்ளுப்பேரர் சிலர் நம் பங்கு அலுவலகத்துக்கு வந்து, ஒரு தாளை நீட்டித் திருமுழுக்கு ஏட்டைப் பார்க்க வேண்டுவர். தாளில் ஒரு பெயரும் காரைக்கால் என்ற ஊரும் இருக்கும். காரைக்கால் அவர்கள் கப்பலேறிய துறை. பிறந்த ஊர் தஞ்சைத் தரணியில் எங்கோ இருக்கலாம். ஏட்டில் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அதைச் சொல்வதுதான் நமக்குக் கடினமான வேலை. இந்த நெடிய கரையில் இறங்கிக் கதவைத் தட்ட அவர்களுக்கு ஒரு வீடும் இல்லை.

சென்ற ஆண்டு அப்படி வந்த முதிய தம்பதியர் ஆலய முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தாரின் வேன் வாசலில் நின்றது. விவரம் கேட்ட பாட்டி பேரர்களை நெருங்கி உட்காரச் சொல்லி இருவருக்கும் இடம் பண்ணினாள். மொழி தெரியாதே என்றோம். "அத்தை வீட்டுல சாப்பிடத் தெரிஞ்சாப் போதும் சாமி" என்றாள். வேன் திருமலைராயன்பட்டினம் நோக்கிப் போயிற்று.