மர மணிக்கூட்டின் வரலாறு

பொழுதை அளக்கும் கருவிக்கு உலோகமே உரியது, மரம் அதற்கு ஒவ்வாது என்பது பலரும் கொண்டுள்ள கருத்தாகும். மரம் ஈரத்தால் விரியும், வறட்சியாற் சுருங்கும், சிலவேளை வெடிக்கவுஞ் செய்யும். ஆயினும் பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எளிய மக்களின் இல்லங்கள் பலவற்றில் நேரங் காட்டியது மரச் சில்லுகளால் இயங்கிய மணிக்கூடே.

அண்மையில் எம் பழைய மாணவர் ஒருவர், கணினியின் ஆணைப்படி இயங்கும் சிறு செதுக்குபொறி யொன்றைத் தம் இல்லத்தில் வைத்து, பூவேலைப்பாடு மிக்க மர மணிக்கூடொன்றை அமைத்துக் கொணர்ந்தார். கண்டோர் வியந்தனர். ஆசிரியர் ஒருவர் மட்டும், "செதுக்கியது பொறியன்றோ? இவர் செய்தது யாது?" என வினவினார். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இயந்திரம் பெருகப் பெருக மனிதனின் கைத்திறனுக்கு யாது நேரும் என்பதே அதன் உட்பொருள். மர மணிக்கூட்டின் வரலாற்றை நோக்குவோமாயின் அதற்குரிய விடை ஒருவாறு புலப்படும்.

முதற்கண் நோக்கத்தக்கவர் யோன் ஹரிசன் என்பார். 1693 இல் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிற் பிறந்து, லிங்கன்சயரிலுள்ள பாரோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த இவர், தச்சரின் மைந்தர், தாமும் தச்சர். மணிக்கூட்டுத் தொழிலை ஓர் ஆசானிடம் முறையாகப் பயின்றவரல்லர். எனினும் 1713 இல், தமது இருபதாவது வயதளவில், உறுப்புக்களிற் பெரும்பாலானவை மரத்தாலமைந்த ஊசல் மணிக்கூடொன்றை ஆக்கினார். ஒரே பலகையிற் பற்சில்லை வெட்டினால், சில பற்களில் மரத்தின் நார் குறுக்காக ஓடும். அப்பற்கள் விரைவில் ஒடியும். இதனை நன்கறிந்த ஹரிசன், ஓக்கு மரத்திற் பற்களைச் சிறு தொகுதிகளாக வெட்டி, எல்லாவற்றிலும் நார் வெளிநோக்கி ஓடுமாறு சில்லின் விளிம்பிற் பதித்தார். பின்னர், 1720களில், புரொக்கிள்சுபி என்னும் மாளிகைக்கு அவர் அமைத்த மணிக்கூட்டில், உராயும் இடங்களில் லிக்னம் வைற்றே என்னும் வன்மரத்தைப் பயன்படுத்தினார். அம்மரம் இயல்பாகவே நெய்ப்பசை உடையது. ஆதலின் அம்மணிக்கூட்டிற்கு எண்ணெய் வேண்டியதில்லை. பிற்காலத்திற் கடலில் நெட்டாங்கு காண உதவுங் காலமானியை ஆக்கிப் புகழெய்தியவரும் இவரே. அப்புகழுக்கு அடிப்படை, மரத்தின் இயல்பை ஒரு தச்சர் உற்றறிந்த அறிவேயாகும்.

இனி அமெரிக்காவை நோக்குவோம். கனெற்றிக்கட் மாநிலத்து ஈலை டெரி என்பார் 1772 இற் பிறந்தவர். அக்காலத்தில் ஒரு கைவினைஞர் ஓராண்டில் ஆக்கக்கூடிய மணிக்கூடுகள் மிகச் சிலவே. டெரியோ மூன்றாண்டுகளில் 4,000 மர மணிக்கூட்டு இயக்கத் தொகுதிகளை ஆக்கித்தர 1807 அளவில் உடன்பட்டார். ஒன்றின் விலை நான்கு டொலர். அயலார் ஐயுற்றனர். முதலாம் ஆண்டிற் பெரும்பகுதியை மணிக்கூடு செய்வதிற் செலவிடாது, நீர்வலுவால் இயங்கும் வெட்டுபொறிகளை அமைப்பதிலேயே அவர் செலவிட்டார். பின்னர் ஒரே அளவினவாய்ச் சில்லுகளும் அச்சுகளும் குவிந்தன. ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தலாம் என்னும் நிலை தோன்றிற்று. உடன்பட்ட தொகையும் 1810 இல் நிறைவெய்திற்று. 1816 இல் தட்டின்மேல் வைக்கத்தக்க சிறிய மணிக்கூட்டிற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். இதனால் உழவர் இல்லத்திலும் மணிக்கூடு புகுந்தது.

இங்கே கைத்திறன் அழிந்ததோ எனின், முற்றாக அழிந்ததன்று; இடம்மாறியது எனல் பொருந்தும். ஒவ்வொரு சில்லிலுஞ் செலுத்தப்பட்ட கருத்து, சில்லை வெட்டும் பொறியிற் செலுத்தப்பட்டது. ஆனால் அப்பொறிக்கு நாள்முழுதும் பலகை ஊட்டியவனுக்கு அக்கருத்திற் பங்கில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. மரத்தின் குறையும் எஞ்சியே நின்றது. கப்பலில் ஏற்றியபோது கடற்காற்றின் ஈரத்தால் மரச்சில்லுகள் பருத்து இயங்காதொழிந்தன. 1830களின் இறுதியில் சோன்சி ஜெறோம் முதலியோர் பித்தளைத் தகட்டால் மலிவான மணிக்கூடுகளை ஆக்கவே, அந்நாட்டில் மரச்சில்லின் காலம் முடிவுற்றது.

ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காடு என்னும் மலைநாட்டின் வரலாறு வேறு வகையினது. ஆங்குப் பண்ணை நிலங்களைப் பலவாகப் பிரிக்காது ஒரு மகனுக்கே அளிக்கும் வழக்கம் பரவியிருந்தது. நிலம் பெறாத மைந்தரும், நீண்ட பனிக்காலத்தில் வயற்றொழில் அற்றோரும், பதினேழாம் நூற்றாண்டு முதலாக இல்லங்களிலேயே மர மணிக்கூடு செய்யலாயினர். முகப்பிற்கு வண்ணந் தீட்டுவோர், பெட்டி செய்வோர், முதுகிற் சுமந்து அயல்நாடுகளில் விற்போர் எனத் தொழில் பகுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலிவான அமெரிக்க மணிக்கூடுகளின் போட்டியும் சேர, இத்தொழில் நலிவுற்றது. பாடன் அரசு 1850 இற் பூர்ட்வாங்கன் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்பள்ளியை நிறுவியது. அதன் முதல் தலைவராகிய றொபேட் கேர்விக், புதிய முகப்பு வடிவங்களை வேண்டி அவ்வாண்டிலேயே ஒரு போட்டியை அறிவித்தார். புகையிரதக் கட்டடங்களை வரைந்த பிரீட்ரிக் ஐசன்லோர் என்னுங் கட்டடக் கலைஞர், புகையிரதப் பாதைக் காவலரின் சிறு வீட்டையொத்த வடிவை அளித்தார். பின்வந்தோர் அதன்மீது திராட்சைக் கொடியும் இலையும் பறவையுஞ் செதுக்கினர். இன்று உலகறிந்த குயில் மணிக்கூடு இவ்வாறு உருப்பெற்றதே. நேரங் காட்டுதலில் மலிவோடு போட்டியிட இயலாதோர், சிற்பத்தாலே தம் தொழிலைக் காத்தனர் என்க.

இனி எம் பழைய மாணவரின் பொறிக்கு வருவோம். எண்களால் ஆணையிட்டு வெட்டுபொறியை இயக்கும் முறை 1952 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகத்திற் காட்டப்பட்டது. அன்று துளையிட்ட கடதாசி நாடாவில் ஆணைகள் பொறிக்கப்பட்டன. அப்பொறியும் மிகப் பெரிது. இன்று அம்முறை ஒரு மேசைமீது அடங்கிவிட்டது. வரைந்த கோட்டின் வழியே சுழலும் அலகு பிழையாது செல்லும். ஆயினும் உருண்ட அலகாதலின் உட்கூர் மூலைகளை அது வெட்டாது. அவற்றை உளிகொண்டே முடித்தல் வேண்டும். நார் எத்திசை ஓடுகிறது, பலகை நன்கு உலர்ந்ததோ என்பனவற்றையும் அது அறியாது.

இதனை அம்மாணவர் தம் அநுபவத்தால் உணர்ந்தார். அவருடைய மணிக்கூடு மாரிகாலந் தொடங்கியதும் நின்றுவிட்டது. சில்லுகள் பருத்துப் பற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. பலகையை மாதக்கணக்கில் உலரவிட்டு, நாரின் திசையை மாற்றி அடுக்கி ஒட்டி, பற்களின் இடைவெளியைச் சிறிது கூட்டி, இரு சில்லுகளைப் புதிதாக வெட்டினார். ஊசலின் நீளத்தை நாடோறுஞ் சிறிதுசிறிதாக மாற்றி நேரத்தைச் சரிப்படுத்தினார். இப்போது அது ஓடுகிறது. முன்பு வினவிய ஆசிரியரும் அதன்முன் நின்று நெடுநேரம் நோக்கினார்.

பாரோவூர்த் தச்சர் உளியால் அறிந்ததை இவர் பொறிவழி நின்று அறிந்தார். அறிந்த பொருள் ஒன்றே. டெரியின் ஆலையிற் பலகை ஊட்டியவனுக்குக் கிட்டாத வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. வரைந்தவரும் வெட்டியவரும் பிழைகண்டு திருத்தியவரும் இவரே ஆதலின், பொறி இவருக்கு ஏவலாளாயிற்று. கைத்தொழிலை நூற்கல்வியினுந் தாழ்ந்ததாக எண்ணும் மனப்பான்மை எம்மிடையே இன்னும் அகலவில்லை. ஒரு மரச்சில்லு செவ்வனே சுழல எத்துணை அறிவு வேண்டும் என்பதை எம் மாணாக்கர் தம் கையாலே செய்து அறிவாராயின், அம்மனப்பான்மை தானே நீங்கும்.