முடங்கிய சந்தையும் மூண்ட போரும்

கண்டி நகரிலிருந்து அம்பிட்டிய ஊடாகத் தலாத்துஓயாவுக்கும் அதற்கப்பால் ஹேவாஹெட்டைக்கும் ஏறிச் செல்லும் வீதி நீண்டதொன்றன்று. எனினும் இரண்டாம் உலகப் போர் மூண்ட காரணங்களை ஆராய்வோர் அவ்வீதியின் இரு முனைகளையும் ஒருங்கே நோக்குதல் பயனுடையது. மேல் முனையில், ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், கூலி உயர்வு கோரி எழுந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். கீழ் முனையில், கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்தில், 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் வந்தமர்ந்தது. பல்கலைக்கழகம் இவ்விடத்துக்கு வருவதற்கு அப்போது இன்னும் எட்டாண்டுகள் இருந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பின்னணியில் நிற்பது 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தமே. ஆயினும் மந்தம் வறுமையைத் தந்தது, வறுமை சர்வாதிகாரத்தைத் தந்தது, சர்வாதிகாரம் போரைத் தந்தது என்று சங்கிலி கோப்பது போதுமான விளக்கமாகாது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ சிலர் தம் கைகளாற் பிணைத்தனர்.

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தபோது இலங்கை அதன் அதிர்ச்சியை விரைவிலேயே உணர்ந்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றையும் விற்று, உண்ணும் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வாங்கிய நாடு இது. இறப்பர் விலை மிக மோசமாக வீழ்ந்தது. தோட்டங்கள் பல மூடப்பட்டன. தொழிலாளர் பலர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு 54 சதமென விதிக்கப்பட்டிருந்த நாட்கூலி, சில ஆண்டுகளுள் 49 சதமாகக் குறைந்தது. 1934-35இற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏற்கெனவே வாடியிருந்த உடல்களையே வந்தடைந்தது.

யப்பானியக் கிராமங்களின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்கப் பெண்களின் காலுறைகளுக்காகப் பட்டு விற்று வாழ்ந்த உழவர்கள், பட்டின் விலை வீழ்ந்ததும் நிலைகுலைந்தனர். வடபுலத்துக் கிராமங்களில் பெற்றோர் தம் புதல்வியரை விற்கும் நிலை ஏற்பட்டது. அக்கிராமங்களே இராணுவத்துக்கு ஆட்களை அளித்தன என்பது கவனிக்கற்பாலது. 1931 செப்டெம்பர் 18ஆம் நாள் மஞ்சூரியாவில் இராணுவத்தினர் தாமே ஒரு குண்டுவெடிப்பை நிகழ்த்தி, அதையே சாட்டாக வைத்து அந்நாட்டைக் கைப்பற்றினர். தோக்கியோ அரசாங்கம் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்க முயன்ற பிரதமர் இனுகாய் 1932 மே 15இற் கொல்லப்பட்டார்.

இக்கதை கண்டிக் கடைவீதியையுந் தொட்டது. நாணயத்தின் பெறுமதி குறைந்தமையால் யப்பானியத் துணி மலிந்தது. கூலி குறைந்திருந்த காலத்தில் இலங்கையின் ஏழைமக்கள் அதனை விரும்பி வாங்கினர். இலங்காசயர் ஆலை முதலாளிமார் முறையிட, பிரித்தானிய அரசாங்கம் 1934இற் குடியேற்ற நாடுகளில் யப்பானியத் துணிக்குப் பங்கீட்டு வரம்பு விதிக்க முற்பட்டது. இலங்கை அரசாங்க சபை அதனை ஏற்க மறுத்தது. ஆகவே இலண்டனிலிருந்து பிறப்பிக்கப்பட்ட அரச கட்டளையால் அவ்வரம்பு இங்கே திணிக்கப்பட்டது. சுதந்திர வணிகத்தின் பிறப்பிடமெனத் தன்னைப் புகழ்ந்துகொண்ட நாடு ஏழையின் வேட்டியிற் கைவைத்த விந்தை இது. மஞ்சூரியா இதற்கு மூன்றாண்டுகள் முன்னரே வீழ்ந்துவிட்டது. ஆதலின் துணி வரம்பே யப்பானை ஆக்கிரமிப்பாளனாக்கியது எனல் பொருந்தாது. ஆனால் உலகச் சந்தை மூடப்படுகிறது, சொந்த நிலமும் சொந்தச் சந்தையுமே நாட்டைக் காக்கும் என்று வாதிட்ட படையினருக்கு அது நல்லதொரு சாட்சியாயிற்று. 1930இல் ஐக்கிய அமெரிக்கா உயர்த்திய சுங்கவரியும் 1932இல் ஒட்டாவாவிற் செய்யப்பட்ட பேரரசுச் சலுகை ஒப்பந்தங்களும் அவ்வாறே பயன்பட்டன.

வறுமை உச்சத்திலிருந்தபோதுதான் சர்வாதிகாரம் வென்றது என்பது பரவலான எண்ணம். காலவரிசையோ சற்று வேறு கூறுகிறது. யப்பானிய நிதியமைச்சர் தகஹாசி அரசின் செலவைப் பெருக்கி நாட்டை மந்தத்திலிருந்து பெரிதும் மீட்டவர். மீண்டபின் இராணுவச் செலவுக்குக் கடிவாளமிட முயன்றார். 1936 பெப்ரவரி 26இல் இளம் படை அதிகாரிகள் அவரைக் கொன்றனர். யேர்மனியில் 1928இல் 2.6 வீத வாக்குகளே பெற்ற நாசிக் கட்சி 1932 யூலையில் 37.3 வீதத்தை எட்டியது. அவ்வாண்டு வேலையற்றோர் ஏறத்தாழ அறுபது இலட்சம். ஆனால் நவம்பர்த் தேர்தலில் அக்கட்சி 33.1 வீதத்துக்குச் சரிந்தது. சரிவு தொடங்கிய பின்னரே, 1933 சனவரி 30இல், பப்பன் முதலானோரின் தூண்டுதலால் முதிய இண்டன்பேர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். பட்டினி கதவைத் தட்டியது. திறந்துவிட்டவர்கள் வயிறு நிறைந்தவர்கள். அதன்பின் வேலையின்மையை ஒழிக்க ஹிட்லர் பெரிதும் கையாண்ட வழி ஆயுத உற்பத்தியாகும். ஆயுதத்துக்கு இரும்பும் எண்ணெயும் அந்நியச் செலாவணியும் வேண்டியிருந்தன. அவற்றைப் பிறர் நிலத்தில் தேடப் புகுந்தமையால், நோய்க்கு இட்ட மருந்தே பெருநோயாயிற்று.

இதே காலத்தில் இலங்கையில் நடந்தது என்ன? மஞ்சூரியா வீழ்ந்த அதே 1931இல் இந்நாடு சர்வசன வாக்குரிமையின்கீழ் முதற் தேர்தலை நடாத்தியது. இங்கு சர்வாதிகாரி எவரும் எழவில்லை. எனினும் துன்பத்துக்குப் பிறரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் இங்கும் தலைகாட்டியது. இருபதுகளில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டிக் கொழும்பை அதிரச்செய்த ஏ. ஈ. குணசிங்க, முப்பதுகளில் மலையாளத் தொழிலாளரை வெளியேற்றக் கோரினார். ஒரே மனிதரிடத்து நிகழ்ந்த இம்மாற்றம், மந்தம் தொழிலாளர் இயக்கத்துக்கு இழைத்த தீங்கை எந்தப் புள்ளிவிவரத்தினும் தெளிவாகக் காட்டும். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். யூலையில் நேரு வந்தார். அவ்வேளையில் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. ஓகஸ்டு முதலாம் நாள் தொடக்கம் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. ஐரோப்பாவிற் போர் தொடங்க ஒரு மாதமே எஞ்சியிருந்தது.

முல்லோயாச் சூடு இச்சூழலில் நிகழ்ந்ததே. ஆயினும் அதன்பின் நடந்தவை தோக்கியோவிலும் பேர்லினிலும் அக்காலத்தில் நடந்திருக்க முடியாதவை. விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிப் பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்தார். தோட்டக் கலவர வழக்குகள் தொடர்பாக உள்நாட்டமைச்சரின் அறிவுறுத்தலைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்காதபோது, தேசாதிபதி கல்டிகொட்டுடன் முரண்பட்டு அமைச்சர்கள் 1940 பெப்ரவரியிற் பதவி துறந்தனர். பின்னர் அவர்கள் திரும்பி வந்தமை உண்மை. சில மாதங்களிற் சமசமாஜத் தலைவர்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டமையும் உண்மை. கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து அவர்கள் தப்பிய 1942 ஏப்பிரலிலேயே யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின.

மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் உயிர்நாடியாயிற்று. பத்தாண்டுக்கு முன் வாங்குவாரற்றுக் கிடந்த மரங்களைப் பட்டுப்போகும்வரை சீவுமாறு தோட்டங்கள் தூண்டப்பட்டன. மறுபுறம், தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து இலங்கைக்கு வந்தோரின் உறவினர் பலர் மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தனர். யப்பானியர் அவர்களிற் பல்லாயிரவரைத் திரட்டிச் சென்று, சீயத்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் புகைவண்டிப் பாதையை அமைக்கச் செய்தனர். 1943 ஒக்டோபரில் அது முடிவுற்றபோது காட்டிற் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் எண்ணிறந்தோர். அதற்கு ஆறு மாதங்களின் பின் அந்தப் பர்மாவை மீட்கும் திட்டங்கள் பேராதனையின் மரநிழலில் வரையப்பட்டன. அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோருக்கு அவ்வாறொன்றும் எழவில்லை.