முதுகுச் சுமை

ஒளிப்படக் கருவியைச் சுமக்க இன்று முதுகுப்பை வாங்குபவர் தோள்வாரின் மென்மையையும் உள்ளறைகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறார். 1860களில் அந்த வேலையைச் செய்தவை கூலிகளின் முதுகுகள். 1863இல் இந்தியா வந்த ஆங்கிலேய ஒளிப்படக்கலைஞர் சாமுவேல் போர்ன், அவ்வாண்டே சிம்லாவிலிருந்து சுமார் 30 கூலிகளுடன் இமயத்துக்குள் புறப்பட்டார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் உலரும் முன்பே படமெடுத்துத் துலக்கியும் விடவேண்டும். ஆகவே கருவியோடு தகடுகள், ரசாயனக் குப்பிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் மலையேறின. 1866இல் 18,600 அடி உயர மணிரங் கணவாயிலும் அவர் படமெடுத்தார். சுமையைப் போட்டுவிட்டு ஓடிய கூலிகளைத் தேடிப் பிடித்து அடித்ததையும் அவரே பயணக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அப்படங்களின் கீழே போர்ன் பெயர் இருக்கிறது. அந்தப் பனிவெளிகளின் பேரமைதியை வியக்கும்போது, அதைச் சுமந்து இறக்கிய முதுகுகளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.